பிஎஸ்டி லினக்ஸின் கிளை அல்ல

எல்லோருடைய சுவரிலும் சுற்றும் அந்த வரைபடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பார்க்காதவர்கள் குறைவு என்பதால் மறுபடி போடவில்லை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்புகளின் வரிசையில், பிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளக் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டியையும் ஓபன்பிஎஸ்டியையும் லினக்ஸிலிருந்து முளைத்த கிளைகளாக வரைந்திருக்கிறார்கள். பொறுமையாகத் திருத்தம் சொன்னவருக்கு வந்த பதில்: "எல்லாம் ஒண்ணுதான் சார், கமாண்ட் எல்லாம் அதேதானே." மாணவர் சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன். சொன்னவர் பாடம் நடத்துகிறவர்.

எல்லாம் ஒன்றல்ல. பிஎஸ்டி லினக்ஸின் கிளை அல்ல.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். 1975இல் தாம்சன் விடுப்பெடுத்துக்கொண்டு பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே மாணவராக இருந்த பில் ஜாய் 1978இல் யூனிக்ஸுக்காக வெளியிட்ட தொகுப்புதான் முதல் பிஎஸ்டி (பெர்க்லி சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்). அப்போது, பின்னாளில் லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு 8 வயது. யூனிக்ஸைப் பார்த்துப் புதிதாக எழுதிய லினக்ஸ் வந்தது 1991இல். பெரியப்பாவைப் பேரன் என்று எழுதிவைத்துவிட்டு, "ஒரே குடும்பம்தானே" என்று கேட்டால் என்ன சொல்வது?

1983 ஆகஸ்டில் வந்த 4.2பிஎஸ்டி, இணையத்தில் தரவு போய்வரும் விதிகளான டிசிபி/ஐபியையும், புரோகிராம்கள் நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்ள உதவும் சாக்கெட் இடைமுகத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு நெட்வொர்க் லேபில் மாணவர்கள் எழுதும் சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அதே வெளியீட்டில்தான் பெர்க்லியின் கிர்க் மெக்குசிக் எழுதிய புதிய ஃபைல் சிஸ்டமும், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையும் வந்தது. பழையதில் ஒரு கோப்பின் துண்டுகள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும். படிக்கும் தலை அங்கும் இங்கும் அலைந்தே நேரம் போகும். அவர் பிளாக் அளவைக் குறைந்தது 4096 பைட் ஆக்கினார். டிஸ்க்கை அருகருகே உள்ள பகுதிகளாக, சிலிண்டர் குழுக்களாகப் பிரித்து, ஒரு கோப்பின் ஐநோடையும் (அதன் விவரக் குறிப்பு) தரவையும் முடிந்தவரை பக்கத்துப் பக்கத்திலேயே வைத்தார். பின்னாளில் லினக்ஸின் ஈஎக்ஸ்டி2 ஃபைல் சிஸ்டம் இந்த யோசனையைத்தான் பிளாக் குழுக்களாக எடுத்துக்கொண்டது. அம்புக்குறி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வரைபடம் போட்டவர்களே சொல்லட்டும்.

"அவ்வளவு பழசு என்றால் ஏன் லினக்ஸ் ஜெயித்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1992இல் ஏடி அண்ட் டியின் யூஎஸ்எல் நிறுவனம் பிஎஸ்டி தரப்பின் மீது வழக்குப் போட்டது. 1994இல் சமரசம் ஆனபோது ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை 3. அந்த மூன்று கோப்புகளுக்காக எல்லோரும் தயங்கி நின்ற காலத்தில்தான் லினக்ஸ் வளர்ந்தது. தான் லினக்ஸைத் தொடங்கியபோதே 386பிஎஸ்டி (சாதாரண பிசிக்கான பிஎஸ்டி) கையில் கிடைத்திருந்தால் லினக்ஸ் பிறந்தே இருக்காது என்ற அர்த்தத்தில் டோர்வால்ட்ஸே 1993இல் ஒரு பேட்டியில் சொன்னார். லினக்ஸை எழுதியவரே ஒப்புக்கொண்டதை இங்கே ஒப்புக்கொள்ள ஆள் இல்லை.

சரி, வரலாறு வேண்டாம். கமாண்ட் ஒன்றா என்று மட்டும் பார்ப்போம். லினக்ஸ் என்பது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு மட்டுமே. புரோகிராம்கள் நம்பியிருக்கும் சி லைப்ரரி ஓர் இடத்திலிருந்தும், எல்எஸ், சிபி போன்ற கட்டளைக் கருவிகள் வேறோர் இடத்திலிருந்தும் வர, உபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்காரர்கள் அவற்றைக் கோத்துத் தருகிறார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் கெர்னல், சி லைப்ரரி, ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டுவது), அடிப்படைக் கருவிகள், மேன் பக்கங்கள் (உதவிக் குறிப்புகள்) எல்லாம் ஒரே சோர்ஸ் மரத்தில், ஒரே குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. அதுதான் பேஸ். நாம் நிறுவும் மற்றவை /usr/local என்ற ஃபோல்டருக்குள் தனியாக உட்காரும்.

லினக்ஸ்காரர்களுக்குப் பழகிய ஷெல்லான பேஷ் அந்த பேஸில் இல்லை. முதல் வரியில் /bin/bash என்று எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டினால் 'நாட் ஃபவுண்ட்' என்று நிற்கும். பேக்கேஜாகப் போட்டாலும் அது /usr/local/bin-இல்தான் இருக்கும்; பேஷ் எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் என்வ் (env) வழியாக முதல் வரியை மாற்ற வேண்டும். கோப்பில் சொற்களை மாற்றும் எஸ்ஈடி (sed) கட்டளைக்கு, கோப்பிலேயே மாற்றச் சொல்லும் மைனஸ் ஐ (-i) கொடுத்தால், அடுத்து வருவதை பேக்கப் கோப்பின் பின்னொட்டு என்று பிஎஸ்டி எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய மாற்று விதி பின்னொட்டாகிவிடும், கோப்பின் பெயர் கட்டளையாகிவிடும், பிழை வரும். மைனஸ் ஐக்குப் பிறகு காலி மேற்கோள் ஒன்று கொடுத்தால் சரியாகும். மேக் வைத்திருப்பவர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள், காரணமும் இதேதான்.

இதைவிடப் பெரியது அப்கிரேட். பதிப்பு 13லிருந்து 14க்கு ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் என்ற கருவி வழியாகப் போகும்போது 'இன்ஸ்டால்' மூன்று முறை. முதல் முறை கெர்னல் மாறும், ரீபூட் செய்ய வேண்டும். இரண்டாம் முறை பேஸ் மாறும். அதன்பின் எல்லா பேக்கேஜையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டுத்தான் மூன்றாவது. பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் பழைய ஷேர்டு லைப்ரரிகளை நீக்குவது அந்த மூன்றாவதுதான். பேக்கேஜை மாற்றாமல் அதை ஓட்டினால் பழைய லைப்ரரியை நம்பியிருந்த புரோகிராம்கள் எழுந்திருக்காது. பேக்கேஜ்களை நிறுவும் பிகேஜி கட்டளையே எழுந்திருக்காமல் போகலாம்; அதற்காகத்தான் அந்த லைப்ரரிகளை நம்பாத பிகேஜி-ஸ்டாட்டிக் வைத்திருக்கிறார்கள். உபுண்டு பழக்கத்தில் கட்டளைகளை வரிசையாகத் தட்டிவிட்டு எழுந்து போகிறவரின் சர்வர் இங்கேதான் விழும். எல்லாம் ஒன்று என்று கற்றுக்கொடுத்தவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

"யார் சார் இதைப் பயன்படுத்துகிறார்கள்?" நெட்ஃப்ளிக்ஸின் வீடியோவை அனுப்பும் ஓபன் கனெக்ட் சர்வர்களில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. பிளேஸ்டேஷன் 4இன் அமைப்பு ஃப்ரீபிஎஸ்டி மீது கட்டியது. மேக்ஓஎஸ் கெர்னலில் மாக் (Mach) என்ற இன்னொரு கெர்னலோடு சேர்ந்து இருப்பது பிஎஸ்டி. போதுமா?

லினக்ஸை வெறுக்கிறேன் என்று எழுதாதீர்கள். வைஃபை டிரைவர், லேப்டாப் வசதி எல்லாவற்றிலும் லினக்ஸ் முன்னே நிற்கிறது, மறுக்கவில்லை. "பிஎஸ்டி உரிமம் கம்பெனிகளுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கிறது, திரும்பி எதுவும் வருவதில்லை" என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். எழுதியவர்கள் தெரிந்தே அப்படிக் கொடுத்தார்கள். கொடுத்ததற்காகவே அவர்களைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

எனக்கு வலிப்பதும் இந்த இடம்தான். தொலைவில் இருக்கும் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் 1999இல் ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் உருவாக்கியது. அவர்கள் பெயரைச் சிறிய கிளையாக வரைந்துவிட்டு, அதே நாளில் எஸ்எஸ்எச் போட்டு எத்தனை சர்வருக்குள் நுழைந்திருப்பீர்கள்? 2014 ஜனவரியில் அந்தத் திட்டத்தால் கனடாவில் தன் இயந்திரங்களுக்கான மின்கட்டணத்தைக் கட்ட முடியவில்லை. வருடத்துக்குச் சுமார் 20,000 டாலர் இல்லாவிட்டால் மூட வேண்டியிருக்கும் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். உலகத்தின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் தினமும் திறந்து நுழையும் கதவைச் செய்துகொடுத்தவர்கள், கரண்ட் பில்லுக்குக் கை நீட்டினார்கள். பிறகுதான் பணம் வந்தது.

பணம் கொடுக்க முடியாதவர்கள் பெயரையாவது சரியாகச் சொல்லலாம். திருத்தம் சொன்ன அந்த நண்பரை முட்டாள் என்று எழுதியவர்கள், அந்தக் கமெண்டை நீக்கிவிட்டு வாருங்கள். ஃப்ரீபிஎஸ்டி ஹேண்ட்புக் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் அறிமுகப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் பேசுவோம்.