சார்லியை யாரும் வளர்க்கவில்லை

ஸ்டார் ட்ரெக் தொடரில் சார்லி என்ற பையன் வரும் கதையின் கடைசிக் காட்சியில் அவன் குரலை அழித்துவிட்டு, வடிவேலு வசனம் ஒட்டி, 'சனியன் ஒழிந்தது' என்று போட்ட பதிவை நேற்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே அந்தப் பையனுக்காகப் பரிந்து ஒரு வரி எழுதினேன். 'பொறுக்கிக்கு வக்காலத்தா?' என்று கேட்டார்கள். மனசு ஆறவில்லை.

1966 செப்டம்பரில் ஒளிபரப்பான, விண்வெளிக் கதைத் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் 'சார்லி எக்ஸ்' பகுதி அது. மூன்று வயதில் விண்கல விபத்தில் தப்பி, தாசஸ் கிரகத்தில் மனித முகமே பார்க்காமல் வளர்ந்தவன் சார்லி. இப்போது வயது 17. அவன் உயிர் பிழைக்கட்டும் என்று அந்தக் கிரகவாசிகளான தாசியர்கள் கொடுத்த சக்தியால், நினைத்த மாத்திரத்தில் ஆளையே மறையவைப்பான். அவனை ஏற்றிவந்த அன்டாரஸ் என்ற விண்கலத்துக்காரர்கள் வாய் நிறையப் புகழ்ந்து, எண்டர்பிரைஸ் என்ற கப்பலின் கேப்டன் கிர்க்கின் தலையில் கட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். எச்சரித்து ஒரு வார்த்தை? இல்லை.

அப்புறம் அந்தக் கப்பலில் வேலை செய்யும் ஜானிஸைப் பின்புறத்தில் தட்டுகிறான் சார்லி. இனி செய்யாதே, ஏன் என்று கேப்டனிடமோ டாக்டரிடமோ கேள் என்கிறாள் அவள். கிர்க்கோ ஆணுக்கு ஆண் என்றால் சரி, பெண் என்றால் வேறு என்று தடுமாறுகிறார். புரிகிறதா என்றால் புரியவில்லை என்கிறான் பையன். 'அது அவள் உடம்பு, அவளுக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்ல அத்தனை பெரிய கப்பலில் ஆளில்லை.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணின் நோட்டுக்குள் கடிதம் வைத்தேன். ஆசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் செய்ததில் என்ன தப்பு என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. முன்பெஞ்சில் அந்தப் பெண் தலை குனிந்து நோட்டின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு நான் செய்தது என்ன என்பது எனக்கு உறைக்கவே பல வருடம் ஆனது.

அவன் தன் சக்தியால் அன்டாரஸையே அழித்தானே, அதில் செத்தவர்களுக்கு என்ன பதில் என்பீர்கள். என்னிடம் பதில் இல்லை. அது கொலைதான். ஜானிஸின் நிலைமை? அவள் பட்டதை நான் குறைக்கவில்லை. பெரியவர்கள் பேசவேண்டியதைப் பேசாததற்கு விலை கொடுத்தவளே அவள்தான். அவனைத் தாசியர்கள் கொண்டுபோனபோது கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் கண்கலங்கியவளும் அவள்தான். அவளுக்கு இருந்த ஈரம் நேற்று சிரித்த உங்களில் ஒருவருக்கும் இல்லையே!

தாசியர்களுக்கு உடம்பு கிடையாது. 'அவர்களைத் தொடக்கூட முடியாது' என்று கதறுகிறான். இங்கேயே இருக்கிறேன், இருக்கிறேன் என்ற குரல் தேய்ந்துகொண்டே போகிறது. நீங்கள் வடிவேலுவை ஒட்டியது அந்தக் குரலின் மேல்தான்.