உண்மை விளக்கம்: ரே போர்க் ஸ்டான்லி கோப்பையை வென்றது பாஸ்டனுக்காக அல்ல

பாஸ்டன் நகர மன்றத் திடலில் ரே போர்க், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் சாம்பியன் அணிக்கு வழங்கப்படும் ஸ்டான்லி கோப்பையை உயர்த்திப் பிடித்திருக்கும் படத்தைக் காட்டி, அந்த ஐஸ் ஹாக்கித் தடுப்பாட்டக்காரர் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக அதை வென்றார் என்று பகிரப்படும் செய்தி தவறானது. அந்த நிகழ்ச்சி நடந்தது உண்மை. ஆனால் கோப்பையை வென்றது கொலராடோ அவலாஞ்ச் அணி.

1979 முதல் புரூயின்ஸுக்கு ஆடிய போர்க், 1988, 1990 ஆகிய இரண்டு இறுதித் தொடர்களிலும் எட்மன்டன் ஆயிலர்ஸிடம் தோல்வியே கண்டார். ஓய்வுக்கு முன் ஒருமுறையாவது கோப்பையை வெல்ல வேண்டும் என்ற விருப்பத்தால் அவரே வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்ள, 2000 மார்ச்சில் கொலராடோவுக்கு அனுப்பப்பட்டார். 2001 ஜூன் 9 அன்று, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நியூ ஜெர்சி டெவில்ஸை 3-1 என்று வென்றதும், வழக்கப்படி தாமே முதலில் உயர்த்த வேண்டிய கோப்பையை அணித்தலைவர் ஜோ சாகிக் நேராகப் போர்க்கின் கையில் கொடுத்தார்; ஹாக்கி வரலாற்றில் இதைவிடப் பெருந்தன்மையான செயலைக் காண்பது அரிது. சில நாள்களில் போர்க் அக்கோப்பையைப் பாஸ்டன் ரசிகர்களிடம் எடுத்துச் சென்றார். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பாஸ்டனில் அவர் பெற்றவையும் சிறியவை அல்ல: சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை அவர் வென்ற 5 முறையும் புரூயின்ஸ் வீரராகவே வென்றார். அவருடைய 77ஆம் எண்ணை இரு அணிகளுமே வேறு எவருக்கும் வழங்குவதில்லை.