கன்னுக்குட்டி என்ன நிறம்?

"சின்னப் பசங்க புத்தகந்தானுங்க, ரெண்டு நாள்ல எழுதிப்போடலாம்." ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் ஏதாவது ஒரு கடையோரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். எழுத ரெண்டு நாள் போதும் என்பது பல சமயம் உண்மைதான். மீதி ஆறு மாசம் எதுக்கு ஆகுது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

16 பக்கப் படக்கதை ஒன்றை எடுத்துக்குவோம். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்பதால் பக்கம் நாலு நாலாகத்தான் கூடும், குறையும். "ஒரு பக்கம் மட்டும் சேத்துக்கலாமா" என்று அச்சகத்தில் கேட்டால் சிரிப்பார்கள். அதனால் கதையைக் கணினியில் அடிப்பதற்கு முன்பே நாலு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மடித்துப் பின் அடித்துக்கொள்வது நல்லது. 16 பக்கம் கையில் வந்துவிடும். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவது பதிப்பு விவரம், கதைக்கு மிஞ்சுவது 14. வாக்கியங்களைத் துண்டுச்சீட்டில் எழுதி அதில் ஒட்டிப் புரட்டிப் பார்த்தால் கோளாறு உடனே தெரியும். "பொட்டிக்குள்ள என்ன இருந்தது?" என்பது 6-லும் பதில் 7-லும் இருந்தால் புத்தகத்தை விரித்ததும் எதிரெதிர்ப் பக்கமாக இரண்டும் ஒன்றாகக் கண்ணில் பட்டுவிடும், ஆச்சரியம் காலி. கேள்வி 7-ல் வந்தால்தான் பக்கம் புரட்டி 8-ல் பதிலைப் பார்க்க முடியும். அதேபோல இரண்டு பக்கத்துக்கும் பரவுகிற பெரிய படத்தை நடுவில் 8-9இல் வைத்துவிடணும். அது ஒரே தாள். மற்ற இடங்களில் இரண்டு தாள் சேரும்போது யானையின் தும்பிக்கை அரை மில்லிமீட்டர் இறங்கிப்போகும்.

அடுத்தது அளவு. வாக்கியத்துக்கு ஐந்து சொல் என்ற ஆங்கிலப் புத்தகக் கணக்கை அப்படியே கொண்டுவருவதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு என்பேன். தமிழில் ஒரே சொல்லுக்குள் ஒரு வாக்கியமே உட்கார்ந்துகொள்ளும். 'ஓடினான்' என்றால் 4 எழுத்து, 'ஓடிக்கொண்டிருந்தான்' என்றால் 10. இரண்டும் ஒரு சொல்தான்! எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை பத்தாவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்தை மறந்திருக்கும். பள்ளிக்கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறதே, அதில் முதல் படியான 'நுழை'யில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்லை எண்ணிப் பிரயோசனமில்லை, எழுத்தைத்தான் எண்ணணும்.

நம்மூர்க் கொங்குப் பேச்சை வைப்பதிலும் இதே சிக்கல் உண்டு. அப்புச்சி (அம்மாவின் அப்பா), அம்மாயி (அம்மாவின் அம்மா), ஒடக்கான் (ஓணான்), பொடக்காலி (புழக்கடை) எல்லாம் தாராளமாக வரட்டும். பக்கத்திலேயே படம் இருப்பதால் திருநெல்வேலிப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். ஆனால் 'ஏனுங்', 'வாங்' என்று ங்-இல் முடித்தால் புதிதாகப் படிக்கிற பிள்ளை முட்டிக்கொண்டு நிற்கும். பாடப்புத்தகத்தில் எந்தச் சொல்லும் அப்படி முடியாது. 'ஏனுங்க' என்று எழுதினால் நம்மூர் வாசமும் போகாது, வாசிப்பும் தடுக்காது.

இனிப் படம். உண்மையான நேரம் போவது இங்கேதான். ஓவியர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். 'காங்கேயம் பசுவும் கன்றும் மேய்கின்றன' என்று ஒரு வரி அனுப்பினால் திரும்பி வருவது வெள்ளைப் பசு, வெள்ளைக் கன்று, பச்சைப்பசேல் புல்வெளி, மரப்பலகை வேலி. பால் பவுடர் விளம்பரம் மாதிரி இருக்கும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பு, ஆறு மாசம் வாக்கில்தான் சாம்பலாகும். காளைக்குத் திமிலும் முன்பக்கமும் பின்பக்கமும் கருத்திருக்கும். அது மேய்கிற கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துக்குக் கிளுவை முள்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், கோடையில் எல்லாமே காய்ந்த நிறம். தாராபுரம் பக்கத்துப் பிள்ளை தப்பை ஒரு நொடியில் கண்டுபிடிக்கும். அதனால் பக்கத்துக்கு நாலைந்து போட்டோவாவது எடுத்து அனுப்புவதும் எழுத்தாளர் வேலைதான். பென்சில் கோட்டில் இருக்கும்போதே திருத்தத்தைச் சொல்லிவிடணும். வண்ணம் அடித்த பிறகு சொன்னால் ஓவியர் முழுப் படத்தையும் திரும்பப் போடணும், அதற்குக் கூலி யார் கொடுப்பது? படம் வந்தபின் நம் வரிகளில் பாதியை அடித்து நீக்கணும். கிளுவை வேலி படத்தில் இருக்கும்போது 'வேலி ஓரமாக' என்று எதற்கு எழுதுவது? அடிக்க மனசு வராதுதான்.

கடைசிப் புரூஃபில் பார்க்க வேண்டியவை வேறு. எழுத்துரு மாற்றும்போது துணைக்கால் போய் 'ர' உட்கார்ந்து 'பால்' 'பரல்' ஆகியிருக்கும், 'கௌ' என்ற ஒரே எழுத்து 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகியிருக்கும். வரிகளின் இரண்டு ஓரமும் சமமாக நிறுத்தப் பார்த்தால் 'மரங்க' ஒரு வரியிலும் 'ள்' அடுத்த வரியிலும் விழும். குழந்தைப் புத்தகத்தில் இட ஓரம் மட்டும் சமமாக இருந்தால் போதும், வரியை எங்கே உடைப்பது என்பதையும் எழுத்தாளரே சொல்லணும். திரையில் மின்னுகிற கிளிப்பச்சை நாலு வண்ண அச்சில் மங்கித்தான் வரும், தாளில் ஒரு பிரதி எடுத்துப் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்கக்கூடாது.

காசுக் கணக்கு சின்னது. 60 ரூபாய்ப் புத்தகம், 10 சதவீத ராயல்டி, ஓவியரோடு பாதிப் பாதி என்றால் பிரதிக்கு 3 ரூபாய். ஆயிரம் விற்றால் மூவாயிரம்.

இன்றைய ஈரோடு மாவட்டத்து மஞ்சக்காட்டு வலசில் பிறந்த எழுத்தாளர் பெரியசாமித் தூரன், தமிழ்க் கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு 1968இலிருந்து 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதியாகக் கொண்டுவந்தார். பெரியவர்களுக்குச் செய்தவரே சின்னவர்களுக்கும் எட்டு வருஷம் உட்கார்ந்தார். அவர் பிறந்த மாவட்டத்திலேயே 'ரெண்டு நாள்ல எழுதிப்போடலாம்' என்று பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நவம்பர் 14-க்கு எழுத்தாளரைக் கூப்பிடுகிற பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்க. முந்நூறு பேரை மைதானத்தில் உட்காரவைத்தால் கையில் பிடித்த படம் மூணு வரிசைக்கு மேல் தெரியாது. முப்பது நாற்பது பேர், ஒரு வகுப்பறை, அரைமணி நேரம் இருந்தால் தாராளம். சால்வை வேண்டாம், பஸ் காசு கொடுங்க. சால்வைக் காசுக்கு அந்தப் புத்தகத்திலேயே நாலு பிரதி வாங்கி வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிடுங்க.