மயில் பேரம் பேசல

வந்தவர்: போர்டுல பேகன் தம்பதின்னு போட்டிருக்கு, போர்வையில விலைச்சீட்டு தொங்குது. ரெண்டுல ஒண்ணை கழட்டிடுங்கம்மா.

கடைக்காரி: ஏன் சார்?

வந்தவர்: பேகன் போர்வையை வித்ததா நான் படிச்சதே இல்லையே. மயிலுக்கு சும்மாதானே குடுத்தாரு.

கடைக்காரி: அது வேற பேகன் சார். அவரு கடையெழு வள்ளல். நாங்க வெறும் கடை.

வந்தவர்: ஓஹோ. அப்ப நீங்க எந்த பேகன்?

கடைக்காரி: இங்கிலீஷ் பேகன் சார். நிலா, மரம், மண்ணு, பருவம் மாறுறது, அப்புறம் பழைய ஐரோப்பா சாமிங்க, இதையெல்லாம் கும்பிடறவங்க. லத்தீன்ல பாகானுஸ்னா நாட்டுப்புறத்தான். அப்புறம் கிறிஸ்தவத்துக்கு மாறாதவங்க எல்லாரையும் அப்படி கூப்பிட ஆரம்பிச்சாங்க, அந்தப் பேரை இப்ப நாங்களே எடுத்து வெச்சுக்கிட்டோம்.

வந்தவர்: மரத்தை கும்பிடறதா? இதைத்தானே எங்க பாட்டி பண்ணாங்க!

கடைக்காரி: ஆமா சார். உங்க பாட்டி பண்ணா பக்தி, நான் பண்ணா சூனியக்காரி.

வந்தவர்: சேச்சே, நான் அப்படி சொல்லுவேனா. (குரலைத் தாழ்த்தி) சூனியம் வெப்பீங்களா? மேல் வீட்டுக்காரன் ஒருத்தன் இருக்கான், ராத்திரி 12 மணிக்கு நாற்காலியை இழுக்கறான். பெருசா ஒண்ணும் வேணாம், கால் சுளுக்கினா போதும்.

கடைக்காரி: அதெல்லாம் இங்க கிடையாது. ஈபேன்னு ஆன்லைன் கடை, அதுலயே 2012ல மந்திரம், சாபம் விக்கறதை நிறுத்திட்டாங்க.

வந்தவர்: ஏன், பலிக்கலையா?

கடைக்காரி: பலிச்சாலும் பிரச்சனைதானே சார். திருப்பி அனுப்பணும்னா சுளுக்கை எந்த டப்பாவுல போட்டு அனுப்புவீங்க?

வந்தவர்: சரி விடுங்க. இந்த சோப்பு எப்ப பண்ணது?

கடைக்காரி: போன மாசம்.

வந்தவர்: பழைய ஸ்டாக்கா! அப்ப பாதி விலை.

கடைக்காரி: சார், எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து அச்சுல ஊத்தினா உடனே யூஸ் பண்ண முடியாது, வெட்டி வெச்சு 4 வாரத்துலேர்ந்து 6 வாரம் வரைக்கும் காயணும், அப்பதான் கெட்டியாகும், தண்ணி பட்டதும் கரைஞ்சு ஓடாது. பழசாக பழசாகத்தான் நல்ல சோப்பு.

வந்தவர்: அப்ப நான் 6 மாசம் கழிச்சு வந்தா இன்னும் நல்லா இருக்குமே.

கடைக்காரி: வாங்களேன்.

வந்தவர்: அந்தக் குச்சி?

கடைக்காரி: மந்திரக்கோல். குச்சி இல்ல.

வந்தவர்: மரத்துல ஒடிச்சதுதானே?

கடைக்காரி: ஒடிச்சு காய வெச்சது சார். ஈர மரத்துல செதுக்கினா பின்னாடி வெடிச்சிரும். பலகைன்னா ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு தச்சுவேலை பண்றவங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க, கோல் சின்னதுதான், ஆனாலும் மாசக்கணக்குல காத்துக்கிட்டு இருந்துட்டு அப்புறம் செதுக்கி, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, எண்ணெய் பூசி இங்க கொண்டாந்து வெச்சா, போன சாவின் அன்னைக்கு ஒருத்தர் வந்து பேட்டரி எங்க போடணும்னு கேக்கறாரு.

வந்தவர்: ஐயோ. யாரு சாவு?

கடைக்காரி: யாரு சாவும் இல்ல. சாவின்.

வந்தவர்: சாவின்... என்ன?

கடைக்காரி: அவ்வளவுதான். சாவின்.

வந்தவர்: சாவின் காரணமா, சாவின் விளிம்பா, முழுசா சொல்லுங்கம்மா, பதறுது.

கடைக்காரி: பண்டிகை சார்! அக்டோபர் 31! எங்களுக்கு வருஷத்துல 8 பண்டிகை, அதுல ஒண்ணு. செத்துப்போனவங்களை நினைச்சு ஒரு விளக்கேத்தி அமைதியா உக்காரணும்.

வந்தவர்: அப்ப சாவுதான்னு சொல்லுங்க. எப்படி, அமைதியா உக்காந்தீங்களா?

கடைக்காரி: எங்க உக்கார. வருஷத்துலயே அன்னைக்குத்தான் கடையில கூட்டம். எல்லாரும் விளக்கேத்தறதுக்கு மெழுகுவர்த்தி வித்துட்டு, நாங்க வீட்டுக்குப் போய் விளக்கை அணைச்சுட்டு படுத்தோம். 8 பண்டிகையும் இதே கதைதான். 

வந்தவர்: 8 பண்டிகைக்கும் 8 தள்ளுபடியாவது இருக்குமே?

கடைக்காரி: இல்ல.

வந்தவர்: மயிலுக்கே...

கடைக்காரி: மயில் பேரம் பேசல சார்.

(இந்த இடத்துல அவர் ஃபோனை எடுத்தார். கைவினைக் கடையில ஒருத்தர் ஃபோனை எடுத்தா பணம் அனுப்பத்தான்னு நம்புற வயசை, கடைக்காரி நான், எப்பவோ தாண்டிட்டேன்.)

கடைக்காரி: என்ன சார், ஃபோட்டோவா?

வந்தவர்: ஒண்ணுமில்ல, எங்க மச்சினி நல்லா பின்னுவா. இந்த பார்டர் டிசைனை காட்டினா அப்படியே போட்டுருவா. கொஞ்சம் நல்லா விரிச்சுப் பிடிங்களேன், மடிப்பு விழுது.

கடைக்காரி: நான் வேற பிடிக்கணுமா?

வந்தவர்: ஓரமா பிடிங்க, விரல் தெரியுது.

கடைக்காரி: மயில் ஃபோட்டோவும் எடுக்கல சார்.

வந்தவர்: அட, கைவினைக் கலைக்கு என்னை மாதிரி ஆளுங்கதாம்மா ஆதரவு. எங்கே பார்த்தாலும் நின்னு பாக்காம போகமாட்டேன்.

கடைக்காரி: அது தெரியுது. 20 நிமிஷமா நிக்கிறீங்க.

வந்தவர்: அவரு யாரு, அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து பின்னிக்கிட்டு இருக்காரே?

கடைக்காரி: என் வீட்டுக்காரர். இந்தப் போர்வையும் அவர் பின்னினதுதான். ஒரு மாசம் ராத்திரியெல்லாம் உக்காந்து பின்னினாரு.

வந்தவர்: அதான பாத்தேன்! முதுகுலயே வள்ளல் களை தெரியுது. அவர்கிட்ட நான் பேசிக்கறேன். அண்ணே!

கடைக்காரி: சார் சார், அவரை கூப்பிடாதீங்க. அவரை திருப்பி உக்கார வெச்சதே நான்தான். ஆளு முகத்தைப் பாத்துட்டா அவரால விலை சொல்ல முடியாது, போன தடவை ஒரு குழந்தை தன்னைப் பாத்து சிரிச்சுதுன்னு 3 மெழுகுவர்த்தியும் ஒரு நிலா டாலரும் குடுத்து அனுப்பிட்டாரு, அந்தக் குழந்தை சிரிச்சது பக்கத்துக் கடை பலூனைப் பாத்து.

வந்தவர்: அப்ப அவருதான் நிஜமான பேகன். நீங்க பேருக்கு பேகன்.

கடைக்காரி: அப்படியா. அந்த நிஜமான பேகன் கதையை மயிலோட நிறுத்திட்டீங்களே சார், வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? கண்ணகின்னு அவரு சம்சாரம், சிலப்பதிகாரத்துக் கண்ணகி இல்ல, இது வேற. அந்தம்மாவை வீட்டுல அழ விட்டுட்டு வேற பொண்ணு பின்னாடி போயிட்டாரு. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார்னு 4 புலவருங்க வந்து, எங்களுக்கு பரிசு வேணாம் சாமி, நீ முதல்ல வீட்டுக்குப் போன்னு பாட வேண்டியதா போச்சு. புறநானூறுல 143லேர்ந்து 147 வரைக்கும் அந்தப் பஞ்சாயத்துதான்.

வந்தவர்: அப்படியா! மயில் மட்டும்தான் எங்களுக்கு பாடத்துல வந்துச்சு.

கடைக்காரி: மயில் மட்டும்தான் வரும். ஊருக்கு குடுத்தது பாடத்துல வரும், வீட்டுல எவ அழுதான்னு பரீட்சையில கேக்க மாட்டாங்க. என் வீட்டுக்காரர் எங்கயும் ஓடலைங்க, தங்கமான மனுஷன், ஆனா இவரு எல்லாருக்கும் தூக்கிக் குடுத்தா நூல் வாங்கற காசுக்கு நான் எந்தப் புலவரைக் கூப்பிடறது?

வந்தவர்: ...சரி. கடைசியா ஒரு விலை.

கடைக்காரி: சீட்டுல இருக்கறதுதான் முதல் விலை, நடு விலை, கடைசி விலை.

வந்தவர்: மயிலுக்கு மட்டும்...

கடைக்காரி: அந்த மயிலுக்கே குளிரல சார்! மேகத்தைப் பாத்து அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருந்துச்சு, இவரு நடுங்குதுன்னு நினைச்சு போத்திட்டாரு. உடம்பு பூரா இறகு இருக்கு, அதுக்கு எதுக்கு போர்வை? தப்பா புரிஞ்சுக்கிட்டு குடுத்ததை 2000 வருஷமா தள்ளுபடிக்கு ஆதாரமா காட்டிக்கிட்டு இருக்கீங்க.

வந்தவர்: (யோசித்து) அப்ப... கேட்டு வாங்கல.

கடைக்காரி: கேக்கல.

வந்தவர்: பேசவே இல்ல.

கடைக்காரி: மயில் எப்படி சார் பேசும்?

வந்தவர்: நடுங்கற மாதிரி தெரிஞ்சா போதும்.

கடைக்காரி: போது... சார் என்ன பண்றீங்க? எதுக்கு அந்தப் பக்கம் போறீங்க? தோளை எதுக்கு ஆட்டறீங்க? பல்லு எதுக்கு கடகடங்குது? ஏங்க! ஏங்க, திரும்பாதீங்க! போர்வையை கீழ வைங்க! அது நடுங்கல, ஆடுது!