பழைய லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி லேப்டாப்பில் வேண்டும். இன்டெல் பிராசசராக இருந்தால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதாவது 2017-க்கு முன்னால் வந்த லேப்டாப்களில் அநேகமாக எல்லாமே பட்டியலுக்கு வெளியே. இதைக் கேள்விப்பட்டதும் நண்பர்கள் புது லேப்டாப்புக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: காலாவதியானது மென்பொருள்தான், இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குப் புதுத் தொழில்நுட்பம் என்றால் உயிர். ஆனால் வார இறுதிகளில் நான் அதிகம் உட்கார்ந்திருப்பது பழைய லேப்டாப்களைக் கழற்றி வைத்துக்கொண்டுதான். பின்பக்கத் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினால், ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்குக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். காற்று போக வழியே இருக்காது. பிராசசர் மேல் தடவிய, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொரிந்துபோயிருக்கும். தூசியை எடுத்து, பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினாலே சூடு நன்றாகக் குறைந்துவிடும். அப்புறம் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்று, முடிந்தால் ராமை (தற்காலிக நினைவகம்) 8 ஜிபி ஆக்குவது. எல்லாம் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால், ‘ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வரலாம்’ என்று ஒதுக்கப்பட்ட இயந்திரம் சட்டென்று எழுந்து நிற்கும். பிரவுசர், வீடியோ, தமிழ்த் தட்டச்சு, ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ் என்று ஒரு சாதாரண வீட்டுக்கு வேண்டிய எல்லாம் அதில் ஓடும்.

இதைச் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு லேப்டாப் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அது தயாராகும்போதே வெளியேறிவிடுகிறது. கனிமம் தோண்டுவது, சிப் செய்வது, திரை செய்வது எல்லாம் நாம் முதல்முறை பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிந்துபோன செலவு. அதனால் ‘மின்சாரம் குறைவாக எடுக்கும் புது மாடல்’ என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. கையில் இருப்பதை இன்னும் நாலு வருடம் ஓட்டுவதில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது. 2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது என்கிறது ஐநா அமைப்புகளின் அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்.

என் வீட்டில் அப்படிப் பிழைத்த ஒரு லேப்டாப் இப்போது வீட்டுச் சாதனங்களுக்கெல்லாம் சேவை செய்யும் சர்வராக இருக்கிறது. கோப்புகளைச் சாதனங்களுக்கு இடையே ஒத்திசைக்கும் சின்த்திங் மென்பொருள் வழியாகக் குடும்பத்தில் எல்லோருடைய போன் படங்களும் அதில் வந்து சேருகின்றன. பை-ஹோல் என்ற மென்பொருள் விளம்பரங்களைத் தடுக்கிறது. கிவிக்ஸ் என்ற ஆஃப்லைன் வாசிப்பு மென்பொருளைப் போட்டிருப்பதால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் இணையம் இல்லாமலே படிக்கக் கிடைக்கிறது. திரையை அணைத்துவிட்டால் 15 வாட் அளவுக்குத்தான் எடுக்கும். 24 மணி நேரமும் ஓடினாலும் இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் சுமார் 22 யூனிட்தான் வரும். பேட்டரி கூடவே இருப்பதால் கரண்ட் போனாலும் அணையாது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை. எப்போதும் சார்ஜிலேயே இருக்கும் பேட்டரி நாளடைவில் உப்பக்கூடும். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதை வைத்துவிடுங்கள். டச்பேட் லேசாக மேலே தூக்கினாலோ மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ உடனே அணைத்துவிட்டு பேட்டரியை மாற்றுங்கள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்குத் தனி அவசியம் இருக்கிறது. 2011-லிருந்து அரசு லட்சக்கணக்கான மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. அதில் எத்தனையோ இன்று பீரோ மேலும் கட்டிலுக்கு அடியிலும் தூங்குகின்றன. ராம் குறைவு, வேகம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் லுபுண்டு மாதிரி எடை குறைந்த லினக்ஸ் போட்டால் வீட்டில் அடுத்துப் படிக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ தட்டச்சும் பைத்தான் நிரல்மொழியும் பழக அது தாராளமாகப் போதும். கல்லூரிகளில் உள்ள கணினித் துறை மாணவர்கள் ஊருக்கு ஊர் முகாம் போட்டு இதைச் செய்யலாம். அவர்களுக்கும் இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடைக்காது.

என் கோபமெல்லாம் புதிதாக வரும் மாடல்கள் மேல்தான். ராமை மதர்போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்துவிடுகிறார்கள், பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து இவற்றை யார் காப்பாற்ற முடியும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பது பொது விதி. விலக்குகள் சில உண்டு. இந்தியாவில் 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கினார்கள். தகவல் தளம் மட்டும் போதாது. உதிரிபாகமும் சர்வீஸ் மேனுவலும் தெருமுனைக் கடைக்காரருக்கும் கிடைத்தாக வேண்டும் என்று சட்டமே வர வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால், மாடல் பெயரையும் ராம் அளவையும் இங்கே எழுதுங்கள். எதை மாற்றலாம், எந்த லினக்ஸ் பொருந்தும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.