தயங்கினால் எதிரியா?

மூளைச்சாவு அடைந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஒருவர் பேசிய வீடியோவை வைத்து ஆளாளுக்குக் கழுவி ஊற்றியாயிற்று. "எங்க வீட்டு ஆள்னா உறுப்பு தானத்துக்கு உடனே சரின்னு சொல்லமாட்டேன்" என்றார். அவ்வளவுதான். படித்த முட்டாளாம், மூடநம்பிக்கையாம்!

ஐயா, தயங்குவது வேறு, எதிர்ப்பது வேறு.

மூளைச்சாவு அடைந்தவரின் உடம்பு கதகதப்பாகத்தான் இருக்கும். மானிட்டரில் இதயத்துடிப்பு ஓடும். உடம்பைத் துடைக்கும்போது கால் விரல் இழுக்கும். சிலருக்குக் கையே மேலே எழும்பும். அது தண்டுவட அனிச்சை, மூளைக்கு அதில் வேலையே இல்லை. இதை யாராவது முன்கூட்டியே உட்காரவைத்துச் சொன்னீர்களா? ராத்திரி மூன்று மணிக்கு அந்தக் கை எழும்புவதைத் தனியாகப் பார்ப்பவர் நர்ஸ். மூளைச்சாவு சர்ட்டிபிகேட் தாளில் கை அசையாது.

மூச்சு தானாக வருகிறதா என்று பார்க்கும் அப்னியா டெஸ்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நூறு சதவீத ஆக்சிஜன். பிறகு வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் விட்டு, எட்டு பத்து நிமிடம் நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60 மி.மீ.க்கு ஏறியும் ஒரு மூச்சுகூட வராவிட்டால்தான் சுவாச மையம் செத்துவிட்டதாக அர்த்தம். கண்ணால் பார்த்தவருக்குப் பாதிச் சந்தேகம் போய்விடும். ஆனால் சரியாக அந்த நேரத்தில்தான் ரத்தத்தில் வாயு அளவு பார்க்கும் பிளட் கேஸ் சாம்பிளோடு நர்ஸை ஓடவிடுவீர்கள்.

"தயக்கம் இருந்தா வேலையில எப்படி அக்கறை இருக்கும்?" என்கிறீர்கள். மூளை செத்ததும் பலருக்குச் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் நின்றுபோகும். மணிக்கு அரை லிட்டர்கூடக் கொட்டும். அசந்தால் ரத்தத்தில் சோடியம் 155ஐத் தாண்டும், தானமாகும் கல்லீரலுக்கு ஆபத்து. மணிக்கு மணி யூரின் அளந்து, அந்த ஹார்மோனுக்குப் பதிலாக டெஸ்மோபிரசின் மருந்து போட்டு, பிரஷர் விழாமல் நார்அட்ரினலினை ஏற்றி இறக்கி, கருவிழி காயாமல் இமையை மூடிவைப்பது யார்? நீங்கள் திட்டுகிற அதே ஆள்தான்.

"நர்ஸ் முகம் சுளிச்சா குடும்பம் பின்வாங்கிடும்." இது நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. டாக்டர் நகர்ந்ததும் "சிஸ்டர், நிஜமாவே போயிட்டாரா?" என்று நர்ஸிடம்தான் வந்து கேட்பார்கள். அதற்காகத்தான் சொல்கிறேன்: டெஸ்ட் நடக்கும்போது நர்ஸைப் பக்கத்தில் நிறுத்துங்கள், சந்தேகத்தைக் கேட்கவிடுங்கள். தயங்குவது வேறு, எதிர்ப்பது வேறு.

இதயத்தை நாலு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்க வண்டி பறக்கும், கேமராவும் பின்னாலேயே பறக்கும். தையல் போட்ட உடம்பைத் துடைத்து, துணி சுற்றி, பெற்றவளிடம் ஒப்படைப்பவர்களைத் தேடி எந்தக் கேமரா வந்தது? கொஞ்ச நேரத்தில் அதே பெட்டுக்கு அடுத்த கேஸ் வந்துவிடும். சாப்பிட்டியா என்று கேட்கக்கூட ஆளில்லை. ஏதோ ஒரு நாள் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அதற்குத்தான் இத்தனை கமென்ட்.

நடத்துங்க.