பக்கவாட்டில் அடித்தால் பயந்தாங்கொள்ளியா?

நம் கோல்ஃப் குழுவில் ஓடுகிற அந்த வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், சிரித்தும் விட்டீர்கள், சரி. மரத்தடியில் குனிந்து நின்று ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையால் பந்தைப் பக்கவாட்டில் தட்டி, புல் வெட்டிய நடுப்பாதையான ஃபேர்வேக்கு அனுப்புகிற அந்த வழுக்கைத் தலை நான்தான். "சேலத்துச் சிங்கம் பதுங்குது" என்று தலைப்பு வேறு. பதுங்கியது வாஸ்தவம். ஆனால் பதுங்கிய ஆள் நாலு ஷாட்டில் முடிக்க வேண்டிய அந்தப் பார் நாலை ஐந்தில் முடித்தேன், வீடியோ எடுத்தவர் எட்டில் முடித்தார், அதை மட்டும் ஏனோ யாரும் படம் பிடிக்கவில்லை.

மரம் அடர்ந்த கோர்ஸில் பந்து உள்ளே போய்விட்டால் முதல் வேலை வெளியே வருவது. குழி இருக்கிற கிரீன், கொடி, பாருக்கு ஒரு ஷாட் குறைவாக முடிக்கிற பேர்டி எல்லாம் அப்புறம். என் ஹேண்டிகேப் 18. அதாவது பதினெட்டு ஹோலில் ஹோலுக்கு ஒரு ஷாட் வீதம் எனக்குச் சலுகை உண்டு, பாருக்கு ஒன்று கூடுதலாக, போகி அடித்தாலே என் கணக்கில் அது பார். அப்படி இருக்கும்போது இரண்டு மரத்துக்கு நடுவே மூன்றடி இடுக்கில் நான் ஏன் பந்தைச் செருக வேண்டும்? யாருக்குக் காட்ட?

"மரம்னா 90 சதவீதம் காத்துதான் சார்" என்று ஒரு வசனம் கோல்ஃப் ஆடுகிற எல்லாரிடமும் இருக்கிறது. இருக்கட்டும். அந்தக் காற்று முழுக்க நம் பந்து போகிற கோட்டில்தான் நிற்கிறதா? முதல் மரத்தைத் தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று, அதையும் தாண்டினால் ஒரு கிளை. வீடியோ எடுத்த நம்மவர் அடித்த பந்து அடிமரத்தில் டொக்கென்று பட்டு அவர் காலுக்குப் பின்னால் இருபது கஜம் போய் விழுந்தது. அங்கேயிருந்து மறுபடியும் கிரீனைப் பார்த்தே அடித்தார். ஏற்காடு ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் ஓவர்டேக் பண்ணுகிறவனை நாம் என்ன சொல்லித் திட்டுவோமோ, அதைத்தான் நானும் மனசுக்குள் சொன்னேன்.

இதை நான் புத்தகத்தில் படித்து வந்து பேசவில்லை. ஏற்காட்டில் மாமா வேலை பார்த்த காபி எஸ்டேட்டில், யாரோ விட்டுப்போன ஒற்றை அயர்னை வைத்துக்கொண்டு லீவு நாளெல்லாம் பந்து தட்டியவன் நான். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி ஏறிக் கிடக்கும், கீழே காபிச் செடி. கிளை உயரத்தில்தான் பிரியும், அதனால் பந்தைப் பின்காலுக்கு நேராக வைத்து, பாதி ஸ்விங்கில் தாழ அடித்தால் போய்விடும். கொஞ்சம் மேலே எழும்பினால் காய் உதிரும், மாமா காதைத் திருகுவார். எந்த மரத்துக்குக் கிளை எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு அடிக்கிற புத்தி அந்தக் காதுத் திருகலில் வந்தது.

"பக்கவாட்டில் அடித்து என்ன சார் த்ரில்லு, ஜாலிக்குத்தானே ஆடுறோம்" என்பார்கள். ஜாலிக்கு ஆடுகிறவர் பந்தை மூன்று நிமிஷத்துக்கு மேல் தேடக் கூடாது, 2019-லிருந்து விதி அதுதான். நம்மவர் தேடிக்கொண்டே இருக்க, பின்னால் வந்த செட்டு இடுப்பில் கை வைத்து நின்றது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அப்புறம் "பிராக்டிஸ் ஸ்விங்" என்ற பெயரில் கிளையை ஒடித்து இடம் பண்ணிக்கொண்டாரே, அதற்கு இரண்டு ஷாட் அபராதம். நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சேர்த்தால் அவர் எட்டு பத்தாகிறது.

தூரம் அடிக்கிற பெரிய மட்டையான டிரைவரைப் பையிலேயே வைத்திருந்ததற்கும் கிண்டல். 2025 அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் போட்டி நடந்தபோது உலகின் முன்னணி வீரர் ரோரி மெக்கில்ராயே அந்தப் புதர்க்காட்டைப் பார்த்துவிட்டு டிரைவர் அடிக்கப் போவதில்லை என்றார். "அவர் மெக்கில்ராய், நீ யாரு?" என்று கேட்பீர்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன்! அவருக்கே வேண்டாம் என்றால் எனக்கு எதற்கு? வலப்பக்கம் மரம் என்றால் முதல் ஷாட் அடிக்கிற டீ மேடையின் வலது ஓரத்தில் நின்று இடப்பக்கம் பார்த்து அடி, காற்றைத் தரையில் தேடாமல் மர உச்சியில் பார். இவ்வளவுதான் என் வித்தை, இதில் பயம் எங்கே வந்தது?

"சேலத்துக்காரருக்கு கோல்ஃப் என்ன தெரியும்" என்று கமெண்ட் போட்ட நண்பரே, நீங்கள் என் வீட்டில் சாப்பிட்டவர். இந்திய கோல்ஃப் வீரர் எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா கல்கத்தாவில் புல்தரை பராமரித்த தொழிலாளி. மகன் அதே டெல்லி கோர்ஸில் 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ், 2016-ல் இந்தியன் ஓப்பன் ஜெயித்தார். நீண்ட தூரம் அடிக்கிறவர் என்று அவருக்குப் பெயர் கிடையாது. எந்த ஊர், எந்த வீடு என்று பந்துக்குத் தெரியாது.

என்னைப் பார்த்துச் சிரித்ததைக்கூட விடுகிறேன். அன்றைக்கு ஏழாம் நம்பரை நான் கேட்கும் முன்பே எடுத்து நீட்டியது பை தூக்கி வருகிற கேடி தம்பி. வீடியோ எடுத்த வீரருக்கும் அவன்தான் "வெளிய எடுத்துருங்க சார்" என்று மெதுவாகச் சொன்னான். கேட்கவில்லை. பந்து தொலைந்ததும் "உனக்குக் கண்ணு எங்கடா இருக்கு" என்று எல்லார் முன்னாலும் கத்தினார், கடைசியில் காசையும் குறைத்துக் கொடுத்தார். இதற்கு யாரும் வீடியோ எடுக்கவில்லை, ஸ்மைலி போடவில்லை, நானும் உங்களோடு சேர்ந்து ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் ஜோடி போடுகிறவர்கள் என்னை அவரோடு போட வேண்டாம். வீடியோவை எடுக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். அந்தத் தம்பிக்குக் குறைத்த காசை மட்டும் இந்த வாரத்துக்குள் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.